விடுபட்ட ஒரு சொல்லும் 35 ஆண்டுகளும்: முன்தீர்ப்பை நம் நீதிமன்றங்கள் நடத்தும் விதம்

சுண்ணாம்புக்கல் வெட்டி எடுக்கும் சிமென்ட் நிறுவனம் அரசுக்கு ராயல்டி கட்டுகிறது. அந்த ராயல்டியில் ரூபாய்க்கு 45 காசு வீதம் ஊராட்சி மேல்வரியும் கட்ட வேண்டுமா? 1958ஆம் ஆண்டின் சென்னை ஊராட்சிகள் சட்டத்தின் 115ஆம் பிரிவையொட்டி எழுந்த கேள்வி இது. உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 1989இல் ‘இந்தியா சிமென்ட் எதிர் தமிழ்நாடு அரசு’ வழக்கில் இதற்கு விடை சொன்னது: அந்த மேல்வரியை விதிக்க மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை. அந்தத் தீர்ப்பின் ஒரு பத்தியில், ராயல்டி என்பது ஒரு வரி என்று பொருள்படும் வாக்கியமும் இருந்தது. சிறிய வாக்கியம்தான். ஆனால் கனிம வளம் கொண்ட மாநிலங்களின் வருவாயெல்லாம் அதன்மேல் வந்து நின்றது.

2004இல் மேற்கு வங்கத்தின் ‘கேசோராம்’ வழக்கு ஐந்து நீதிபதிகள் முன் வந்தது. அவர்களில் நால்வர், அந்த வாக்கியத்தில் சொல் விடுபட்டுவிட்டது என்றார்கள். ‘ராயல்டி மீதான மேல்வரி ஒரு வரி’ என்று எழுத நினைத்த இடத்தில், கவனக்குறைவாலோ அச்சுப்பிழையாலோ ‘ராயல்டி ஒரு வரி’ என்று ஆகிவிட்டது என்பது அவர்கள் முடிவு. ஏழு பேர் எழுதியதை ஐந்து பேர் திருத்தி வாசிக்கலாமா? 2011இல் மூன்று நீதிபதிகள் இந்தச் சிக்கலை ஒன்பது நீதிபதிகளுக்கு அனுப்பினார்கள். 2024 ஜூலை 25 அன்று எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் விடை வந்தது: ராயல்டி வரி அல்ல, 1989ஆம் ஆண்டுத் தீர்ப்பு தவறு. இதற்குள் 35 ஆண்டுகள் ஓடிவிட்டன.

முன்தீர்ப்பு பற்றிய முக்கியமான கேள்விகள் எல்லாம் இந்த ஒரு வழக்கிலேயே அடங்கியிருக்கின்றன. பழைய தீர்ப்பில் எந்தப் பகுதி பிந்தைய நீதிமன்றத்தைக் கட்டும்? அது தவறு என்று தோன்றினாலும் பின்பற்ற வேண்டுமா? அதைத் திருத்த யாருக்கு அதிகாரம்? திருத்தினால் எந்த நாளிலிருந்து அது செல்லும்? இவற்றுக்கு நம் நீதிமன்றங்கள் சொல்லிவந்த விடைகளைத் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தீர்ப்புகள் மாறுவதால் நீதிமன்றத்தின் மேல் மக்களுக்குள்ள நம்பிக்கை குலைவதில்லை. உரிய அமர்வு, காரணம் சொல்லி, எல்லோரும் அறிய மாற்றினால் அந்த நம்பிக்கை வளரவே செய்கிறது. பழைய தீர்ப்பைக் கண்டும் காணாமல் கடந்துபோவதுதான் அதை அரிக்கிறது.

எதற்காக இந்த நெறி

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று நம் ஊரில் சொல்வார்கள். செயல் ஒன்று, நியாயம் இரண்டு என்ற நிலையின் கசப்பு அந்தப் பழமொழியில் இருக்கிறது. முன்தீர்ப்பு நெறி அந்தக் கசப்புக்கு மருந்தாகப் பிறந்தது. ஒரே மாதிரியான வழக்குகளில் ஒரே மாதிரியான முடிவு கிடைக்க வேண்டும். எந்த நீதிபதி முன்னால் வழக்கு போகிறது என்பதைப் பொறுத்து ஒருவருடைய விதி மாறக் கூடாது.

இன்னொரு காரணம், நம்பிச் செயல்படுவது. கிரயப் பத்திரம் எழுதுபவரும், பாகப் பிரிவினை செய்துகொள்ளும் குடும்பமும், வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும் வணிகரும் நேற்றுவரை நீதிமன்றம் சொன்னதே சட்டம் என்று நம்பித்தான் நடக்கிறார்கள். அந்தத் தரை அடிக்கடி நகர்ந்தால் யாரும் ஊன்றி நிற்க முடியாது.

இந்த நெறி இங்கிலாந்திலிருந்து வந்தது. அங்கே பிரபுக்கள் அவை, தன் பழைய தீர்ப்புகள் தன்னையே கட்டும் என்று 1898இல் ‘லண்டன் டிராம்வேஸ்’ வழக்கில் அறிவித்துக்கொண்டது. அந்தக் கட்டைத் தளர்த்தி, தேவையானபோது விலகலாம் என்று அறிவிக்க அதற்கு 1966வரை ஆனது. இந்தியாவில் 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் பிரிவி கவுன்சிலும் பெடரல் நீதிமன்றமும் அறிவிக்கும் சட்டத்துக்குக் கீழ் நீதிமன்றங்கள் கட்டுப்பட வேண்டும் என்றது. அதன் வாரிசுதான் நம் அரசியலமைப்பின் 141ஆவது பிரிவு: உச்ச நீதிமன்றம் அறிவிக்கும் சட்டம் இந்திய ஆட்சிப்பரப்பிலுள்ள எல்லா நீதிமன்றங்களையும் கட்டும்.

உயர் நீதிமன்றங்களுக்கு இப்படி நேரடியான பிரிவு இல்லை. ஆனால் கீழ் நீதிமன்றங்களையும் தீர்ப்பாயங்களையும் மேற்பார்வையிடும் அதிகாரம் அவற்றுக்கு 227ஆவது பிரிவின்படி உண்டு. அந்த அதிகாரத்துக்கு உட்பட்டவர்கள் உயர் நீதிமன்றம் சொன்ன சட்டத்தை ஒதுக்க முடியாது என்று 1962இல் ‘ஈஸ்ட் இந்தியா கமர்ஷியல்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. எனவே சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு திருநெல்வேலி மாவட்ட நீதிபதியைக் கட்டும். பாலக்காட்டு நீதிபதி அதை மதித்து வாசிக்கலாம், ஏற்கலாம், ஏற்காமலும் விடலாம்.

தீர்ப்பில் எது கட்டும்

நீதிமன்ற வராந்தாவில் ‘நமக்கு நேரடியா ஒரு ரூலிங் இருக்கு’ என்று வழக்கறிஞர் சொல்லும்போது கட்சிக்காரரின் முகம் மலர்வதைப் பார்க்கலாம். அந்த ரூலிங் நூறு பக்கம் இருக்கலாம். அந்த நூறு பக்கமும் கட்டுப்படுத்துவதில்லை. எந்தச் சட்டக் காரணம் இல்லாமல் அந்த முடிவு நிற்காதோ, அந்தக் காரணம் மட்டுமே கட்டும். சட்டக் கல்லூரியில் இதை ‘ரேஷியோ டெசிடென்டை’ என்பார்கள். வழக்கை முடிக்கத் தேவைப்படாமல், போகிற போக்கில் நீதிபதி சொல்லும் கருத்து ‘ஓபிட்டர் டிக்டா’.

ஒரு கற்பனை வழக்கை எடுத்துக்கொள்வோம். வாடகைக்கு இருப்பவரை நோட்டீஸ் கொடுக்காமல் வெளியேற்றலாமா என்பது கேள்வி. ‘கூடாது, நோட்டீஸ் தந்தே ஆக வேண்டும்’ என்று நீதிபதி முடிவு செய்கிறார். அது ரேஷியோ. ‘அவர் வீட்டை உள்வாடகைக்கு விட்டிருந்தால் என் முடிவு வேறாக இருந்திருக்கலாம்’ என்று அவர் சேர்த்தால், அது ஓபிட்டர். உள்வாடகை பற்றி அந்த வழக்கில் யாரும் வாதாடவில்லை. எனவே எந்தக் கோணமும் சோதிக்கப்படவில்லை. உச்ச நீதிமன்றத்தின் ஓபிட்டருக்குக்கூட உயர் நீதிமன்றங்கள் பெருமதிப்புத் தருகின்றன. ஆனாலும் மதிப்பு வேறு, கட்டுப்பாடு வேறு.

ஒரு தீர்ப்பு எதை உண்மையில் முடிவு செய்ததோ அதற்கு மட்டுமே அது ஆதாரம் என்பதை ‘சுதான்சு சேகர் மிஸ்ரா’ வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 2002இல் ‘பத்ம சுந்தர ராவ் எதிர் தமிழ்நாடு அரசு’ என்ற நிலம் கையகப்படுத்தல் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அதை மேலும் வலியுறுத்தினார்கள். தீர்ப்பின் சொற்களைச் சட்டப்பிரிவின் சொற்களைப் போல வாசிக்கக் கூடாது. அந்த வழக்கின் நிகழ்வுகள் நம் வழக்கோடு எப்படிப் பொருந்துகின்றன என்று பார்க்காமல் தீர்ப்பைத் தூக்கிவைக்கக் கூடாது என்றார்கள். ஒரு சிறு நிகழ்வு மாறினாலும் முடிவு தலைகீழாகலாம். நிகழ்வுகள் வேறு என்று காட்டி முன்தீர்ப்பிலிருந்து விலகுவதை ‘வேறுபடுத்துதல்’ என்கிறோம். நேர்மையாகச் செய்தால் சட்டம் நுணுக்கமாக வளர இதுவே வழி. பிடிக்காத தீர்ப்பிலிருந்து நழுவ இதைப் பயன்படுத்தினால், தீர்ப்பு ஏட்டில் இருக்கும், உயிர் போயிருக்கும்.

கட்டாதவை வேறு சிலவும் உண்டு. சிறப்பு அனுமதி மனுவைக் காரணம் சொல்லாமல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தால், கீழே உள்ள தீர்ப்பைச் சரி என்று அது சொல்லிவிட்டதாக ஆகாது. 2000இல் ‘குஞ்ஞயம்மது’ வழக்கு இதைத் தெளிவுபடுத்தியது. முழு நீதி வழங்க 142ஆவது பிரிவின்படி தரும் தனி ஆணையும் அந்த வழக்கோடு முடிகிறது. எந்தச் சட்டக் கேள்வியும் வாதிக்கப்படாமல் பிறந்த உத்தரவு முன்தீர்ப்பாகாது என்று, நடைபாதைக் கடை பற்றிய டெல்லி மாநகராட்சியின் ‘குர்னாம் கவுர்’ வழக்கு சொன்னது.

எத்தனை பேர் உட்கார்ந்தார்கள்

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகளும் சேர்ந்தே வழக்கு கேட்கிறார்கள். நம் உச்ச நீதிமன்றத்தில் தலைமை நீதிபதியையும் சேர்த்து 34 இடங்கள் இருக்கின்றன. பெரும்பாலான வழக்குகளை இருவரோ மூவரோ கொண்ட அமர்வுகள் கேட்கின்றன. பெயர் ஒன்று, பேசும் வாய்கள் பல. ஆகவே இங்கே முன்தீர்ப்பின் எடையைத் தராசில் நிறுத்துவது அமர்வின் எண்ணிக்கை.

இதன் விதிகளை 2004இல் ‘தாவூதி போரா’ வழக்கில் ஐந்து நீதிபதிகள் தொகுத்தார்கள். பெரிய அமர்வின் தீர்ப்பு சிறிய அமர்வையும் சம அமர்வையும் கட்டும். சிறிய அமர்வுக்கு அதில் உடன்பாடு இல்லையென்றால், பெரிய அமர்வு அமைக்குமாறு தலைமை நீதிபதியிடம் கேட்கலாம். தானே மீற முடியாது. 2022இல் ‘திரிமூர்த்தி ஃபிராக்ரன்சஸ்’ வழக்கு இன்னொரு ஐயத்தைத் தீர்த்தது. ஏழு பேர் அமர்வு நான்குக்கு மூன்று என்று பிளந்து தீர்ப்பளித்திருந்தாலும், ஐந்து பேர் ஒருமனதாகச் சொன்னதைவிட அதற்கே எடை அதிகம். எத்தனை பேர் ஒப்புக்கொண்டார்கள் என்பதைவிட எத்தனை பேர் அமர்ந்தார்கள் என்பதே கணக்கு.

உயர் நீதிமன்றத்திலும் இதே ஒழுங்குதான். தனி நீதிபதியை இரு நீதிபதிகள் அமர்வு கட்டும். அவர்களை முழு அமர்வு கட்டும். உடன்பாடில்லாத நீதிபதி வழக்கை மேலே அனுப்ப வேண்டுமே தவிர, தன் வழியில் போகக் கூடாது என்று 1960லேயே உச்ச நீதிமன்றம் எச்சரித்திருக்கிறது.

தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமையா என்ற கேள்வியை 2017இல் ஒன்பது நீதிபதிகள் கேட்கவேண்டி வந்ததற்கும் இந்தக் கணக்கே காரணம். 1954ஆம் ஆண்டின் ‘எம்.பி. சர்மா’ தீர்ப்பை எட்டுப் பேர் தந்திருந்தார்கள். எட்டைத் தாண்ட ஒன்பது தேவைப்பட்டது.

பத்து நாள் இடைவெளி

விதி தெளிவாக இருந்தும் முரண் எப்படி வருகிறது? விபத்து இழப்பீட்டு வழக்குகளைப் பார்க்கலாம். சம்பளமில்லாமல் சொந்தத் தொழில் செய்துவந்தவர் விபத்தில் இறந்தால், எதிர்காலத்தில் அவர் வருமானம் உயர்ந்திருக்கும் என்று கருதி இழப்பீட்டைக் கூட்ட வேண்டுமா? 2013 ஏப்ரல் 2 அன்று ‘ரேஷ்மா குமாரி’ வழக்கில் மூன்று நீதிபதிகள் ஒரு விடை சொன்னார்கள். அதே மாதம் 12ஆம் தேதி ‘ராஜேஷ்’ வழக்கில் வேறு மூவர் இன்னொரு விடை சொன்னார்கள். பத்து நாளுக்கு முந்தைய தீர்ப்பு இரண்டாம் அமர்வின் கவனத்துக்கு வரவில்லை.

தையல்காரர், ஆட்டோ ஓட்டுநர், காய்கறிக் கடைக்காரர் என்று யாரையோ இழந்த குடும்பம், எந்தத் தீர்ப்பை எந்தத் தீர்ப்பாயம் எடுத்துக்கொள்ளும் என்று தெரியாமல் நின்றது. 2017 அக்டோபர் 31 அன்று ‘பிரணய் சேத்தி’ வழக்கில் ஐந்து நீதிபதிகள் இதை முடித்துவைத்தார்கள். முதலில் வந்ததே கட்டும். அதைக் கவனிக்காத இரண்டாவது தீர்ப்பு முன்தீர்ப்பாகாது என்றார்கள். சட்டக் கேள்வியையும் அதோடு தீர்த்து, 40 வயதுக்குட்பட்ட சொந்தத் தொழில்காரருக்கு வருமானத்தில் 40 விழுக்காடு கூட்ட வேண்டும் என்று வகுத்தார்கள். நான்கரை ஆண்டு நீடித்த குழப்பத்துக்குக் காரணம் கொள்கை வேற்றுமையல்ல. ஒரு தீர்ப்பு கண்ணில் படாமல் போனது.

நிலம் கையகப்படுத்தல் வழக்கில் நடந்தது இதைவிடக் கடினமானது. இழப்பீட்டைக் கருவூலத்தில் போட்டுவைத்தால் அது உரிமையாளருக்குத் தந்ததாகாது. எனவே பழைய கையகப்படுத்தல் காலாவதியாகும் என்று 2014 ஜனவரியில் ‘புணே மாநகராட்சி’ வழக்கில் மூன்று நீதிபதிகள் சொன்னார்கள். 2018 பிப்ரவரி 8 அன்று ‘இந்தூர் வளர்ச்சி ஆணையம்’ வழக்கில் வேறு மூவர் அமர்ந்தார்கள். அவர்களில் இருவர் பழைய தீர்ப்பைக் கவனக்குறைவால் பிறந்தது என்று ஒதுக்கினார்கள். சம எண்ணிக்கை அமர்வு அப்படிச் செய்யலாகாது என்று அந்த அமர்வின் மூன்றாம் நீதிபதியே மாறுபட்டார். இரண்டு வாரத்துக்குள் இன்னொரு மூவர் அமர்வு, இந்தப் பிரச்சினை தீரும்வரை இத்தகைய வழக்குகளை எடுக்க வேண்டாம் என்று உயர் நீதிமன்றங்களைக் கேட்டுக்கொண்டது. 2020 மார்ச் 6 அன்று ஐந்து நீதிபதிகள், புணே தீர்ப்பு தவறு என்று முடிவு செய்தார்கள். நிலத்தைப் பறிகொடுத்தவர் இந்த ஆறு ஆண்டுகளில் ஒரு தீர்ப்பால் நம்பிக்கை பெற்று, இன்னொன்றால் அதை இழந்தார்.

கவனக்குறைவு என்ற கதவு

‘பெர் இன்குரியம்’ என்ற லத்தீன் சொற்றொடருக்குக் கவனக்குறைவால் என்று பொருள். சட்டப்பிரிவையோ தன்னைக் கட்டும் முன்தீர்ப்பையோ பாராமல் ஒரு நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டால், அது பிறரைக் கட்டாது. 1944இல் இங்கிலாந்தின் ‘யங் எதிர் பிரிஸ்டல் ஏரோப்ளேன்’ வழக்கு இந்த விதிவிலக்கைத் தெளிவாக வகுத்தது. 1988இல் ‘அந்துலே’ வழக்கில் நம் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, ஐந்து நீதிபதிகள் 1984இல் தந்த உத்தரவைத் தவறென்று திரும்பப் பெற்றபோது இந்த நெறியைச் சார்ந்தது.

கதவு தேவைதான். ஆனால் அது குறுகலாக இருக்க வேண்டும். சட்டத்தையே பாராமல் தந்த தீர்ப்புக்கும், எல்லாவற்றையும் பார்த்துவிட்டு நமக்கு உடன்பாடில்லாத முடிவுக்கு வந்த தீர்ப்புக்கும் வேறுபாடு உண்டு. முன்னது கவனக்குறைவு, பின்னது கருத்து வேறுபாடு. கருத்து வேறுபாட்டுக்குக் கவனக்குறைவு என்று பெயர் சூட்டும்போது ஒழுங்கு உடைகிறது. கீழ் நீதிமன்றத்துக்கோ இந்தக் கதவை மேல்நீதிமன்றத்தின் மேல் திறக்க உரிமையில்லை. ஒரு தீர்ப்பு பெரிய அமர்வின் பரிசீலனையில் இருக்கிறது என்பதற்காக உயர் நீதிமன்றங்கள் அதைப் பின்பற்றாமல் காத்திருக்கக் கூடாது, மோதும் சம அமர்வுகளில் முந்தையதையே பின்பற்ற வேண்டும் என்று 2023இல் லடாக் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் நினைவூட்டியது.

உச்ச நீதிமன்றம் தன்னைத் திருத்தும்போது

141ஆவது பிரிவு சொல்லும் ‘எல்லா நீதிமன்றங்களும்’ என்பதில் உச்ச நீதிமன்றமும் அடங்குமா? அடங்காது என்று 1955இல் ‘பெங்கால் இம்யூனிட்டி’ வழக்கில் ஏழு நீதிபதிகள் நான்குக்கு மூன்று என்று முடிவு செய்தார்கள். இரண்டே ஆண்டுக்கு முந்தைய விற்பனை வரித் தீர்ப்பை அப்போதே விலக்கினார்கள். பத்து ஆண்டு கழித்து ‘கேசவ் மில்ஸ்’ வழக்கு இந்த அதிகாரத்துக்குக் கடிவாளம் போட்டது: வேறொரு கருத்தும் பொருத்தமாகத் தெரிகிறது என்பது போதாது, பொது நன்மையோ வலுவான வேறு காரணமோ மாற்றத்தைக் கோர வேண்டும்.

நாட்டின் வரலாற்றையே திருப்பிய சில மாற்றங்கள் இந்த வழியில் வந்தவை. அடிப்படை உரிமைகளை நாடாளுமன்றம் திருத்த முடியாது என்று 1967இல் ‘கோலக்நாத்’ வழக்கில் பதினொருவரில் அறுவர் சொன்னார்கள். 1973இல் ‘கேசவானந்த பாரதி’ வழக்கில் பதின்மூன்று பேர் அமர்ந்து அதை விலக்கினார்கள். ஆனால் ஏழு பேர் பெரும்பான்மை, அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைத் தொட முடியாது என்ற புதிய வேலியை நட்டது.

நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 ஏப்ரலில், தடுப்புக் காவலில் உள்ளவர் ஆட்கொணர்வு மனுகூடப் போட முடியாது என்று ‘ஏ.டி.எம். ஜபல்பூர்’ வழக்கில் நால்வர் முடிவு செய்தார்கள். நீதிபதி எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மறுத்தார். 2017இல் அந்தரங்க உரிமை வழக்கில் அந்தப் பெரும்பான்மை வெளிப்படையாக விலக்கப்பட்டது. 1976இல் பெரும்பான்மையில் இருந்தவர்களில் ஒருவர் ஒய்.வி. சந்திரசூட்; 41 ஆண்டு கழித்து அது தவறு என்று எழுதியவர் அவருடைய மகன் டி.ஒய். சந்திரசூட். மாறுபட்ட ஒற்றைக் குரலையும் ஏட்டில் பத்திரப்படுத்திவைப்பதால்தான் தீர்ப்பு மரபு தன்னைத் திருத்திக்கொள்ள முடிகிறது.

மாற்றும் முறைக்கு நல்ல சான்று, பட்டியல் சாதியினருக்குள் உள்ஒதுக்கீடு பற்றிய வழக்கு. 2004இல் ‘சின்னையா’ வழக்கில் ஐந்து நீதிபதிகள் உள்ஒதுக்கீடு கூடாது என்றார்கள். தமிழ்நாட்டில் அருந்ததியர்க்கு 3 விழுக்காடு ஒதுக்கிய 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் மேலும் அதன் நிழல் விழுந்தது. 2020இல் இன்னொரு ஐவர் அமர்வுக்கு ‘சின்னையா’ சரியில்லை என்று தோன்றியது. ஆனால் அவர்கள் அதை ஒதுக்கவில்லை. தாங்களும் ஐவர்தாம் என்பதால் ஏழு பேருக்கு அனுப்பினார்கள். 2024 ஆகஸ்ட் 1 அன்று ஆறுக்கு ஒன்று என்ற பெரும்பான்மை ‘சின்னையா’வை விலக்கியது. தாமதம் நேர்ந்தது, ஆனால் எந்தக் கட்டத்திலும் எது சட்டம் என்பதில் யாருக்கும் ஐயம் வரவில்லை.

எந்த நாளிலிருந்து

நீதிமன்றம் சட்டத்தை உருவாக்குவதில்லை, ஏற்கெனவே உள்ளதை அறிவிக்கிறது என்பது பழைய கோட்பாடு. அதன்படி பார்த்தால், விலக்கப்பட்ட தீர்ப்பு என்றுமே சட்டமாக இருந்ததில்லை. ஆனால் அதை நம்பி நடந்தவர்களின் கதி? ‘கோலக்நாத்’ வழக்கில் தலைமை நீதிபதி சுப்பா ராவ், இனிவரும் காலத்துக்கு மட்டும் செல்லும்படி முன்தீர்ப்பை விலக்கும் முறையை இங்கே கொண்டுவந்தார். ‘பத்ம சுந்தர ராவ்’ வழக்கிலும், இழப்பீடு தந்து முடித்த பழைய கையகப்படுத்தல்களைத் திரும்பத் திறக்கக் கூடாது என்று அமர்வு காப்புச் சொன்னது.

ராயல்டி வழக்கும் இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறது. இனிவரும் காலத்துக்கு மட்டும் என்ற கோரிக்கையை 2024 ஆகஸ்ட் 14 அன்று நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் 2005 ஏப்ரல் 1க்கு முந்தைய நடவடிக்கைகளுக்கு வரி கேட்கக் கூடாது என்றது. பாக்கியை 2026 ஏப்ரல் 1 முதல் 12 ஆண்டுத் தவணைகளில் கட்டலாம் என்றது. ஜூலை 25க்கு முந்தைய கேட்புகளுக்கு வட்டியையும் அபராதத்தையும் நீக்கியது. ஒரு பக்கம் மாநிலங்களின் உரிமை, மறு பக்கம் தீர்ப்பை நம்பியவர்களின் பாதுகாப்பு. இரண்டையும் ஏந்திப் பிடிக்கும் முயற்சி அது.

செய்ய வேண்டியவை

மேலே பார்த்த சிக்கல்களைப் பிரித்துவைத்தால் இரண்டு வகை தெரிகிறது. ஒன்று, பழைய தீர்ப்பைப் பாராததால் வருவது. இதைத் தவிர்க்க எதிர்த்தரப்புக்குச் சாதகமான தீர்ப்பையும் நீதிமன்றத்தின் முன்வைக்கும் கடமையை வழக்கறிஞர்கள் கைவிடக் கூடாது. தீர்ப்புகள் இணையத்தில் தேடிப் படிக்கும்படி கிடைக்கும் இந்நாளில், பத்து நாளுக்கு முந்தைய தீர்ப்பு கண்ணில் படவில்லை என்பது இனி நேரக் கூடாது. இன்னொன்று, பார்த்தும் சுற்றிப்போவதால் வருவது. இதற்குக் கருவி எதுவும் உதவாது. ‘இது எனக்குச் சரியாகப் படவில்லை, ஆனால் திருத்தும் அதிகாரம் எனக்கு இல்லை’ என்று எழுதி மேலே அனுப்பும் பணிவுதான் மருந்து. அப்படி அனுப்பியவற்றை ஆண்டுக்கணக்கில் தூங்கவிடாமல் பெரிய அமர்வுகள் அமைப்பதும் அதே அளவுக்குத் தேவை. ராயல்டி வழக்கு ஒன்பது நீதிபதிகளுக்கு அனுப்பப்பட்ட பிறகே 13 ஆண்டுகள் காத்திருந்தது.

விடுபட்ட சொல்லை ஐவர் அமர்வின் நால்வர் 2004லேயே கண்டுபிடித்தார்கள். ராயல்டி வரியல்ல என்ற அவர்களுடைய கருத்தை 2024இல் ஒன்பது பேர் அமர்வு உறுதிசெய்தது. ஆனாலும் ஏழு பேர் எழுதியதை ஐந்து பேர் திருத்தி வாசித்ததால், இரண்டில் எதைப் பின்பற்றுவது என்று தெரியாமல் சுரங்கமும் அரசும் 20 ஆண்டுகள் நீதிமன்றப் படியேறின. சரியான விடையும் உரிய இடத்திலிருந்து வரும்போதுதான் சட்டமாகிறது.